மூன்றரை மணி நேர டீசல்

ஜெனரேட்டரில் ஊற்றும் டீசல்
மூன்றரை மணி நேரம் தாங்கும்.
அதற்குள் இன்றைய மலையைச்
சுருக்கிக் கட்டித்
திபிலிசிக்கு அனுப்பியாக வேண்டும்.

மலை என்றால்,
பனியாற்றின் காலடியில் நாங்கள் புதைத்துவைத்த
பதினோரு அதிர்வுமானிகள்
ஒரு நாள் முழுக்கக் கேட்டது.
தொள்ளாயிரம் எம்பி.
எங்கள் இணைப்போ
நிமிடத்துக்கு இரண்டு எம்பி கூடத் தராத கஞ்சன்.

ஜான்சுக் ஜி-ஜிப் கட்சி.
எந்தக் கணினியும் திறக்குமாம்,
யாரையும் கைவிட்டதில்லையாம்.
இருபது நொடியில் முடித்துவிட்டுக்
கால்மேல் கால் போட்டுக்கொண்டான்.
நானூற்றுப் பத்து.

நான் இசட்-எஸ்-டி ஓட்டினேன்.
ஒன்பது நொடி, முந்நூற்று எண்பது.
அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

பிறகு எக்ஸ்-இசட்.
விசிறி அலறியது.
சூடு கண்டு பூனை வந்து
விசைப்பலகைமேல் படுத்தது.
ரொட்டி வெட்டி, பூண்டு உப்பு தொட்டுத் தின்று,
அடுப்புக்கு விறகு தள்ளிவிட்டு வந்தால்
எண்பத்தேழு சதவீதத்தில் நிற்கிறது.
பதினொரு நிமிடம்.
இருநூற்றுத் தொண்ணூறு.

கட்டும் நேரத்தையும் அனுப்பும் நேரத்தையும்
கரித்துண்டால் சுவரில் கூட்டினேன்.
ஜி-ஜிப்: இருநூற்றுப் பதினான்கு நிமிடம்,
டீசல் செத்து நாலு நிமிடம் கழித்து.
இசட்-எஸ்-டி: நூற்றுத் தொண்ணூற்றெட்டு.
எக்ஸ்-இசட்: நூற்று அறுபத்திரண்டு.
கடைசியாகக் கிளம்பியது
முதலில் போய்ச் சேருகிறது.
பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள்.
இந்தக் குடிசையில் பொறுத்தார்
பூமியைத் தபாலில் அனுப்புவார்.

திபிலிசியில் ருசுதானுக்குக் குறை.
ஒரு மாத மூட்டையைப் பிரிப்பதற்குள்
காபி ஆறிவிடுகிறதாம்.
ஆறட்டும் என்றான் ஜான்சுக்.
அந்த ஒரு விஷயத்தில்
என் பக்கம் நின்றான்.

பனி கனத்த இரவுகள் எதிலும் சுருங்கும்.
ஒன்றுமில்லை என்று ஒருமுறை சொல்லி
இதுபோல் நாற்பதாயிரம் என்றால் முடிந்தது.
கோவேறு கழுதைகள் ஏறும் நாளும்
கொஞ்சம் முனகிவிட்டு மடங்கும்,
குளம்புக்கு ஒரு தாளம் உண்டு.
திரும்ப வருவதைத்தானே மடிக்க முடியும்?

மே பதினேழு மடங்கவில்லை.

எக்ஸ்-இசட் பத்தொன்பது நிமிடம் மல்லுக்கட்டி
அறுநூற்றுப் பத்து என்றது.
பழுது என்று நினைத்து மறுபடி ஓட்டினேன்.
ஜி-ஜிப்பிடம் கொடுத்தேன்; எழுநூற்று ஐம்பது.
ஜான்சுக் இந்த முறை சிரிக்கவில்லை.
வரைபடத்தைத் திறந்தோம்.
பிற்பகல் இரண்டு பத்திலிருந்து
ஒரே உறுமல்,
ஓர் அலை முந்தைய அலையைப் போல் இல்லை.
பனிக்கு அடியில் எதுவோ
வழி தேடிக்கொண்டிருந்தது.

அனுப்ப ஐந்து மணி நேரத்துக்குமேல் ஆகும்.
காலை ஆறு மணிக்கு
வாலிகோவின் மினிபஸ் பாலம் ஏறும்.

குடிசைக்குப் பின்னால் பாறைமேல் நின்றால்
கைபேசியில் ஒரு கோடு வரும்.
வாலிகோ, பாலத்துக்குப் போகாதே, என்றேன்.

தொள்ளாயிரம் எம்பி, மூன்று சொல்.
என் பட்டியலில் எதுவும்
இத்தனை சின்னதாய் மடித்ததில்லை,
இத்தனை வேகமாயும்.

ஏன், என்றான் வாலிகோ
அரைத் தூக்கத்தில்.

அதுதான் வம்பு.
அந்த ஏனுக்குத்தான்
மிச்ச மெகாபைட் எல்லாம்.
எனக்கே தெரியாது, போகாதே, என்றேன்.
ஒரு நாள் வாடகை போச்சு என்று திட்டிவிட்டு வைத்தான்.

விடிந்தபோது பாலம் இருந்தது.
நடுத்தூண் மட்டும் இல்லை.

மே பதினேழை
இரண்டு இரவு டீசலில் அனுப்பினோம்.
ருசுதான் பிரித்துப் பார்த்துவிட்டு
நெடுநேரம் எதுவும் எழுதவில்லை.
சுவரில் அந்த நாளுக்கு நேரே
ஜான்சுக் ஒரு கோடு போட்டு
அளவு என்ற இடத்தில் "மூன்று சொல்" என்று எழுதியிருந்தான்.
இழப்பு என்ற இடத்தில்
எழுதத் தொடங்கி
கட்டைவிரலால் தேய்த்த கறை.